ஓட்டுநரில்லா மாதிரிக் கார்ப் பந்தயத்தில் எந்த அல்காரிதம் வெல்லும்?

கேள்வி இதுதான்: “பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறோம். நால்வர் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு 1/10 அளவு ஓட்டுநரில்லா கார்களுக்கான பந்தயத்தில் இறங்க ஆசை. எந்த அல்காரிதத்தைப் படித்தால் வெல்லலாம்? மலிவான லைடார் போதுமா? சிங்கப்பூரில் எங்கே ஓட்டிப் பழகுவது? எங்களில் ஒருவருக்கு நிரல் எழுதவே வராது, அவரை என்ன செய்வது?” பார்வைக்கு நான்கு கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கையிலிருக்கும் ஓராண்டையும் கொஞ்சப் பணத்தையும் எதில் போட்டால் பந்தய நாளன்று தலைகுனியாமல் திரும்பலாம் என்பதே அது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். நான் இங்கே ரோபோக்களுக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மாணவர் குழுக்கள் சிலவற்றுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டியும் வருகிறேன். லேசர் ஒளியை வீசிச் சுற்றிலும் தூரம் அளக்கும் லைடார் வைத்து ஓடும் கார்களில்தான் எனக்குக் கைப்பழக்கம். கேமராவை மட்டும் நம்பி ஓடும் கார்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே கேளுங்கள்.

முதலில், எந்தப் பந்தயம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பலர் பெயர்களைக் குழப்பிக்கொண்டு தவறான பொருளை வாங்கிவிடுகிறார்கள். அமேசான் 2018 இறுதியில் அறிமுகப்படுத்திய டீப்ரேசர் 1/18 அளவுள்ள சிறிய கார். கேமராவில் பார்த்து, பரிசும் தண்டனையும் கொடுத்துப் பழக்கும் முறையில் ஓடியது. 2019இல் அதன் சுற்று ஒன்று சிங்கப்பூரிலும் நடந்தது. அந்தப் போட்டித்தொடர் 2024உடன் முடிந்துவிட்டது. பழைய காணொளிகளைப் பார்த்து அதற்குத் தயாராக வேண்டாம். டாங்கி கார் என்பது ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடும் பொழுதுபோக்குக் கார். நீங்கள் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். மலிவானது, தொடக்கத்துக்கு நல்லது. நீங்கள் 1/10 என்று எழுதியிருப்பதால், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கி எஃப்1டென்த் என்று அறியப்பட்டு இப்போது ரோபோரேசர் என்ற பெயரில் நடப்பதைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரிய ரோபோவியல் மாநாடுகளை ஒட்டி இது நடக்கிறது: 2024இல் யோக்கோஹாமாவில், 2025இல் அட்லான்டாவில். எல்லாரும் ஏறத்தாழ ஒரே வன்பொருளைத்தான் கொண்டுவருவார்கள். மின்சாரப் பொம்மைக் காரின் அடிச்சட்டம், அதன்மேல் ஒரு லைடார், ஒரு என்விடியா ஜெட்சன் கணினி, மோட்டாரை ஆளும் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. காசு கொட்டி வேகம் வாங்க முடியாதபடி மோட்டாருக்கும் லைடாருக்கும் வரம்பு வைத்த பிரிவு உண்டு. ஆகவே வேறுபாடு முழுவதும் மென்பொருளில் என்பார்கள். பாதி உண்மை.

மீதிப் பாதி, பந்தயம் நடக்கும் விதத்தில் இருக்கிறது. வளையும் காற்றுக்குழாய்களைத் தரையில் போட்டுப் பாதை அமைப்பார்கள். அதன் வடிவம் முன்கூட்டித் தெரியாது. பழகிப் பார்க்கச் சிறிது நேரம் தருவார்கள். பிறகு தனியாக ஓடும் தகுதிச் சுற்று. அதில் வேகமான ஒரு சுற்றுக்கு மட்டுமல்லாமல், மோதாமல் தொடர்ச்சியாக எத்தனை சுற்று ஓடினீர்கள் என்பதற்கும் மதிப்பு உண்டு. அதன்பின் இரண்டிரண்டு கார்களாக நேருக்கு நேர். விதிகள் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த ஆண்டின் விதித்தாளைப் படித்துவிடுங்கள். ஆனால் புதிய பாதை, குறைந்த நேரம், மோதாமல் ஓடுதல் என்ற மூன்றும் மாறுவதில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கான விடை பாதி வந்துவிடுகிறது. மிகக் கெட்டிக்காரத்தனமான அல்காரிதத்துக்கு அங்கே வேலை குறைவு. அறியாத ஒரு கூடத்தில் அரை மணி நேரத்தில் சரிசெய்து நம்பி விடக்கூடிய எளிய முறைக்குத்தான் மதிப்பு.

அப்படியானால் எதைப் படிப்பது? உறுதியாகச் சொல்லக்கூடியது இது. முதல் மாதத்தில் இடைவெளியைத் தேடிப் போகும் முறையை எழுதுங்கள். லைடார் காட்டும் தூரங்களில் அகலமான வெற்றிடம் எங்கே என்று பார்த்து அதை நோக்கித் திரும்புவது; அவ்வளவுதான். வரைபடம் வேண்டாம், தன் இடம் தெரிய வேண்டாம். ஒரு மாலையில் எழுதிவிடலாம். கார் சுற்றி வந்துவிடும். இதை வைத்தே போட்டிக்கு வந்து, மற்றவர்கள் சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்போது நிதானமாக ஓடி நடுவரிசையில் இடம்பிடித்த குழுக்கள் உண்டு. ஆனால் அதற்கு மேல் இம்முறை ஏறாது. அடுத்த வளைவு எப்படி வளையும் என்று அதற்குத் தெரியாததால் நேர்ப்பாதையில் துணிந்து வேகம் எடுக்க முடியாது.

அடுத்த படி வரைபடம். காரை மெதுவாக ஒரு சுற்று ஓட்டி லைடாரால் பாதையை வரைந்துகொள்வது. அந்த வரைபடத்தில் கார் இப்போது எங்கே இருக்கிறது என்று நொடிக்குப் பலமுறை கணிப்பது. முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பந்தயக் கோட்டைப் பின்தொடர்வது. கோட்டைப் பின்தொடர, சற்று முன்னே உள்ள ஒரு புள்ளியைப் பிடிக்கப் போவதுபோல் ஸ்டியரிங்கைத் திருப்பும் எளிய வடிவியல் முறை போதும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து 1992இல் அறிக்கையாக வந்த பழைய சரக்கு. இன்றும் அதைத் திருத்தித் திருத்தித்தான் பலர் ஓட்டுகிறார்கள். புள்ளியை மிக அருகில் வைத்தால் கார் பாம்புபோல் நெளியும். தள்ளி வைத்தால் வளைவின் உள்மூலையை வெட்டிக்கொண்டு போய்க் குழாயில் இடிக்கும். வேகத்துக்கு ஏற்ப அந்தத் தூரத்தை மாற்றுவதே இதிலுள்ள கலை. பந்தயக் கோட்டைக் கணக்கிடும் நிரலை மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. சூரிக்கின் இடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2024இல் தன் முழுப் பந்தய மென்பொருளையும் திறந்து வைத்தது. இவற்றை எடுத்துப் பயன்படுத்துவதில் வெட்கம் ஏதும் இல்லை. ஆனால் படித்துப் புரிந்துகொள்ளாமல் இறக்கி வைத்தால், போட்டிக் கூடத்தில் ஏதேனும் பிசகும்போது எந்தத் திருகைத் திருப்புவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

இப்போது லைடாருக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் போகும் இடம் இதுதான். இந்தப் பந்தயங்களில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் ஹோகுயோ யுஎஸ்டி-10எல்எக்ஸ், நொடிக்கு 40 முறை, 270 பாகை அகலத்துக்குப் பார்க்கும். அதாவது 25 மில்லிநொடிக்கு ஒரு பார்வை. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கார் போகும்போது இரண்டு பார்வைகளுக்கு நடுவே 17.5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. மலிவான லைடார்கள் நொடிக்கு 5 முதல் 10 முறைதான் சுற்றும். 10 முறை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதே வேகத்தில் 70 சென்டிமீட்டர், காரின் நீளத்தைவிட அதிகம். மேலும், ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பதற்குள் காரே நகர்ந்துவிடுவதால் காட்சியே கோணிப்போகும். ஆக, மெதுவாகக் கற்றுக்கொள்ள மலிவானது போதும், பந்தயத்துக்குப் போதாது. ஹோகுயோ ஆயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும், மாணவர் பணப்பைக்கு அது கனம்தான். கல்லூரியின் ரோபோ ஆய்வுக்கூடத்தில் ஒன்று அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வாங்குவதற்கு முன் விரிவுரையாளர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

லைடாரின் 25 மில்லிநொடியோடு தாமதம் முடிவதில்லை. கணினி யோசிக்கும் நேரம், கட்டளை போய்ச் சேரும் நேரம், சர்வோ என்ற சிறு மோட்டார் சக்கரத்தைத் திருப்பும் நேரம் எல்லாம் சேர்ந்து 60 மில்லிநொடி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மீட்டர் வேகத்தில் அது 42 சென்டிமீட்டர். உங்கள் கார் எப்போதும் அந்த 42 சென்டிமீட்டர் பழைய செய்தியைப் படித்துக்கொண்டு ஓடுகிறது. குழுக்கள் என்னிடம் “நிரல் சிமுலேட்டரில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிப் பாதையில், சரியாக ஓடுகிறது, தரையில் வளைவை விட்டு வெளியே போகிறது” என்று வந்து நிற்கும்போது முதலில் நான் கேட்பது, மொத்தத் தாமதத்தை அளந்தீர்களா என்றுதான். பெரும்பாலும் அளந்திருக்க மாட்டார்கள். அளந்துவிட்டால் பாதி நோய் தீர்ந்தது. அந்த இடைவேளையில் கார் எங்கே போயிருக்கும் என்று கணித்து, அங்கிருந்து கோட்டைப் பின்தொடரச் சொல்லலாம்.

இன்னொரு பாதி நோய் டயரில் இருக்கிறது. கணினிப் படிப்பிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு வளைவில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைத் தரையின் பிடிப்பும் வளைவின் ஆரமும்தான் தீர்மானிக்கின்றன. அந்தப் பிடிப்பைக் குறிக்கும் எண்ணான உராய்வுக் கெழு 0.7, ஆரம் 1 மீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர். அகலமாக எடுத்து ஆரத்தை 1.5 மீட்டராக்கினால் 3.2 மீட்டர். பந்தயக் கோடு என்ற ஒன்று எதற்கு என்பது இந்த ஒரே கணக்கில் விளங்கிவிடும். தரையில் தூசி படிந்து கெழு 0.5 ஆகிவிட்டால் அதே 1 மீட்டர் வளைவில் 2.2 மீட்டருக்கு மேல் போக முடியாது. காலையில் கச்சிதமாக ஓடிய கார் மாலையில் வழுக்கும். பிரேக் போடுவதும் அப்படித்தான். நொடிக்கு 7 மீட்டரிலிருந்து, நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் நிற்பதற்கு 4.9 மீட்டர் வேண்டும். இந்த எண்களை உங்கள் டயருக்கும் உங்கள் தரைக்கும் நீங்களே அளந்து எடுக்க வேண்டும். புத்தகத்தில் கிடைக்காது. வட்டமாக ஓட்டி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எப்போது வெளியே வழுக்குகிறது என்று குறித்துக்கொள்வது ஒரு பிற்பகல் வேலை. அந்த ஒரு பிற்பகல், ஆய்வுக்கட்டுரை படிக்கும் பல வாரங்களைவிட மேலானது என்று தயங்காமல் சொல்வேன்.

வழுக்குவதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மோட்டார் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை வைத்துத்தான் கார் எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்கிடுகிறது. சக்கரம் வழுக்கினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். வளைவுகளில் லைடார் வந்து திருத்திவிடும். ஆனால் இருபுறமும் வெறும் இணைச்சுவராக நீளும் பாதையில் எல்லா இடமும் லைடாருக்கு ஒரே மாதிரிதான் தெரியும், திருத்த ஒன்றும் கிடைக்காது. வேகம் எடுக்கையில் சக்கரம் வழுக்கிய கார் தன்னை அரை மீட்டர் முன்னால் இருப்பதாக நம்பிக்கொண்டு வளைவுக்கு வரும், உரிய இடத்துக்கு முன்பே திரும்பிவிடும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் நடக்கும் மோதல்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். முடுக்கத்தை மென்மையாக்குங்கள், சுழற்சியை அளக்கும் சென்சாரையும் கணக்கில் சேருங்கள்.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. “இப்போது எல்லாம் செயற்கை நுண்ணறிவுதானே, கார் தானே கற்றுக்கொள்ளாதா?” என்று யாராவது உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள். கற்றுக்கொள்ளும். 2023இல் சூரிக் பல்கலைக்கழகக் குழுவின் ட்ரோன், அந்த முறையில் பழகி, மனித வெற்றியாளர்களையே உண்மைப் பந்தயத்தில் தோற்கடித்தது. ஆகவே முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அதன் பின்னே இருந்த உழைப்பில் பெரும்பகுதி, சிமுலேட்டருக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து நிரப்பியதில்தான் போனது. டயரையும் தாமதத்தையும் அளக்காத குழு கற்றல் முறையில் இறங்கினால், பொய்யான உலகத்தில் வீரனாகும் கார் ஒன்றுதான் கிடைக்கும். என் கணிப்பில், முதலாண்டுக் குழு ஒன்று பழைய முறையிலேயே போவது நல்லது. இது கணிப்புதான், இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறலாம். முந்திச் செல்வதைப் பற்றியும் இப்போதைக்குக் கவலை வேண்டாம். எதிராளியைக் கண்டால் கோட்டைப் பக்கவாட்டில் நகர்த்துவது, இடமில்லையென்றால் பின்னாலேயே போவது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் சுற்றுகளில் பலர் தாமாகவே மோதி வெளியேறுவார்கள்.

சிங்கப்பூரில் எங்கே ஓட்டுவது என்பதுதான் உங்கள் கேள்விகளிலேயே கடினமானது. நமக்கு வீட்டில் கார்க் கொட்டகை கிடையாது. எல்லாருக்கும் முதலில் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளம் நினைவுக்கு வரும். அகலமானது, மழை படாது. ஆனால் அது பொது இடம். சதுரங்கம் ஆடும் முதியவர்களும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருளை நொடிக்கு 7 மீட்டரில் விடுவது கணுக்காலை உடைக்கும் வேலை. பாதையை அடைத்து ஓட்ட வேண்டுமானால் நகர மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பக்கங்கள் திறந்திருப்பதால் லைடாருக்குப் பிடித்துக்கொள்ளச் சுவரும் இல்லை. சாயங்கால வெயில் சாய்வாக அடித்தால் பார்வையும் கலங்கும். கல்லூரி நடைக்கூடங்கள் இரவு எட்டு மணிக்குப் பிறகு நல்லவை, ஒரு கண்டத்தைத் தவிர: கண்ணாடி. நம் ஊர்க் கட்டடங்களில் சுவரில் பாதி கண்ணாடிதான். லேசர் ஒளி அதை ஊடுருவிப் போய் உள்ளே இருக்கும் நாற்காலியை அளந்துகொண்டு வரும். கார் அங்கே பெரிய வெற்றிடம் இருப்பதாக நம்பி நேராகப் போய் முட்டும். கண்ணாடியின் அடியில், லைடார் பார்க்கும் உயரத்தில், ஒரு முழ அகலத்துக்கு அட்டை ஒட்டிவிட்டால் தீர்ந்தது. கருப்பாகப் பளபளக்கும் பரப்புகளும் இப்படி ஏமாற்றும்.

நான் பரிந்துரைப்பது கல்லூரியின் உள்விளையாட்டரங்கு, அல்லது சமூக மன்றத்தின் பூப்பந்து அரங்கு. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லியே கேளுங்கள். டயர்த் தடம் தரையில் பதியுமா என்பதுதான் அவர்களுடைய முதல் கவலையாக இருக்கும். ஒரு மூலையில் ஓட்டிக் காட்டி, துடைத்தும் காட்டுங்கள். ஓர் ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர், அருகருகே இரண்டு கிடைத்தால் போட்டிப் பாதையைப் போன்ற ஒன்றைப் போட்டுவிடலாம். சுவருக்குக் காற்றுக்குழாய் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம், பேரங்காடியில் வீசும் அட்டைப்பெட்டிகள் லைடாருக்கு அழகாகத் தெரியும். வாரம் ஒருமுறை பாதையை முற்றிலும் மாற்றிப் போடுங்கள். ஒரே பாதையில் மாதக்கணக்கில் ஓடிய கார் அந்தப் பாதைக்கு மட்டுமே தயாரான கார். மாநாட்டுக் கூடங்களில் கம்பளமும் இருக்கும், வழவழப்பான காங்கிரீட்டும் இருக்கும். முடிந்தால் இரண்டிலும் பிடிப்பை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே ஓட்டினாலும் ஒருவர் கையில் எப்போதும் ரிமோட் இருக்கட்டும், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் கார் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது.

உதிரிப் பொருள்களுக்கு சிம் லிம் டவருக்குப் போங்கள். பக்கத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது கணினிக் கடைகளுக்கு. கம்பி, இணைப்பான், சர்வோ எல்லாம் டவரில் கிடைக்கும், கடைக்காரர்களுக்கும் விஷயம் தெரியும். முன்சக்கரத் தாங்குகளைக் கூடுதலாக வாங்கி வையுங்கள், முதலில் உடைவது அவைதான். ஜெட்சன் ஓரின் நானோ கணினியின் விலை 2024 டிசம்பரில் 249 அமெரிக்க டாலராகக் குறைக்கப்பட்டது; ஆரம்பிப்பவர்களுக்கு அது தாராளம். சிமுலேட்டர் இலவசம், பென்சில்வேனியாவின் பாடங்களும் இலவசம். கார் வாங்குவதற்கு முன்பே, ஆட்டோடிரைவ் என்ற சிமுலேட்டரில் நடத்தப்படும் இணையவழிப் பந்தயத்தில் ஒருமுறை கலந்துகொள்ளுங்கள். செலவில்லாமல் உங்கள் குழு கெடுநாளுக்குள் வேலையை முடிக்கிறதா என்று தெரிந்துவிடும். 

நிரல் எழுத வராத நண்பரை விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் எந்த மாற்றம் செய்யப்பட்டது, பேட்டரி எவ்வளவு, டயர் எது, சுற்று நேரம் என்ன, எங்கே மோதியது என்று குறிப்பேடு வைத்திருப்பவர் ஒருவர் ஒவ்வொரு குழுவுக்கும் வேண்டும். நிரலர்கள் அதை வைக்க மாட்டார்கள். ஐந்து எண்களை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று சண்டை போடுவார்கள். “ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதைச் சொல்லாமல் கார் தரையில் இறங்காது” என்று சொல்லும் அதிகாரத்தை அவரிடம் கொடுங்கள். பந்தய நாளில் எவ்வளவு துணிவது, எப்போது பாதுகாப்பான வேகத்துக்கு இறங்குவது என்று முடிவு செய்யத் தகுதியானவரும் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தால் கடைசியாக ஒன்று. உதிரி லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் போட முடியாது, அவை கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்குக் கீழ் இருந்தால் பொதுவாகத் தடை இல்லை, 100க்கும் 160க்கும் இடையே விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். உங்கள் காரில் இருக்கக்கூடிய 11.1 வோல்ட், 5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி 55.5 வாட்-மணிதான், கவலையில்லை. ஆனால் எத்தனை கொண்டுபோகலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மின்முனைகளை நாடாவால் மூடி, தீத்தடுப்புப் பையில் வைத்து, திறனைக் குறிக்கும் எழுத்து வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லுங்கள். சோதனைச் சாவடியில் கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும் காரைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். கல்லூரியின் கடிதம் ஒன்றும் போட்டியின் அழைப்பும் அச்சிட்டுக் கையில் இருக்கட்டும்.